அச்சிழையில் வளரும் புதிய மரபணு

செயற்கை மரபணுவை உருவாக்க இரண்டு வழிகள் உண்டு. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு காரங்களை ஒவ்வொன்றாக வேதியியல் முறையில் கோத்துச் செல்வது முதல் வழி. இயற்கை மரபணுவின் ஓர் இழையை அச்சாகக் கொண்டு, வேண்டிய இடங்களில் மட்டும் காரங்களை மாற்றி எதிரிழையை வளர்த்தெடுப்பது இரண்டாம் வழி. ஹர் கோவிந்த் கொரானாவின் குழு 1970-இல் 77 கார இணைகள் கொண்ட ஈஸ்ட் மரபணு ஒன்றை முதல் வழியில் உருவாக்கியது. இரண்டாம் வழியைத் திறந்த மைக்கேல் ஸ்மித்தும், 1956 முதல் வான்கூவரில் அதே கொரானாவிடம் இத்துறையின் வேதியியலைப் பயின்றவர்தாம்.

ஸ்மித்தும் கிளைட் ஹட்சிசனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக்கு ஃபை-எக்ஸ்174 என்ற வைரஸைத் தேர்ந்தெடுத்தனர். அதன் டி.என்.ஏ. இயல்பாகவே ஒற்றை இழை வளையமாக இருப்பதால், இழைகளைப் பிரிக்காமலேயே அதை அச்சாகப் பயன்படுத்த முடிந்தது. ஒரு காரத்தை மட்டும் வேண்டுமென்றே பொருந்தாததாக அமைத்த, 12 காரங்கள் கொண்ட தொடக்கித் துண்டு ஒன்றை அவர்கள் அதனுடன் சேர்த்தனர். எஞ்சிய காரங்கள் அச்சைப் பற்றிக்கொள்ள, பாலிமரேஸ் என்னும் நொதி துண்டின் முனையிலிருந்து வளையத்தைச் சுற்றிப் புதிய இழையை நீட்டியது. லைகேஸ் என்னும் நொதி இறுதி இடைவெளியை ஒட்டியது. இவ்வாறு பிழையும் புதிய இழையின் நிலையான பகுதியாயிற்று. இதற்காக ஸ்மித் 1993-இல் வேதியியல் நோபல் பரிசைக் கேரி முல்லிஸுடன் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும் பாக்டீரியாவுக்குள் சென்றதும் பழைய அச்சிழையும் பெருகியதால், மாற்றம் பெற்றவற்றைத் தேடிப் பிரிக்க வேண்டியிருந்தது. இதற்குத் தாமஸ் குன்கல் 1985-இல் கண்ட தீர்வு மிக நேர்த்தியானது. தைமினுக்குப் பதிலாகச் சில இடங்களில் யூராசிலைச் சேர்த்துவிடும் குறைபாடுடைய இ.கோலி பாக்டீரியா வகையில் அச்சிழையை உருவாக்கி, எதிரிழையைச் சோதனைக் குழாயில் வழக்கமான தைமினுடன் வளர்த்து, இரண்டையும் இயல்பான இ.கோலிக்குள் செலுத்தினால், அது யூராசிலைப் பழுதெனக் கருதிப் பழைய இழையைத் தானே சிதைத்துவிடும்.

மரபணுவைப் பல இடங்களில் ஒருசேரத் திருத்தவும் இம்முறை உதவுகிறது. எடுத்துக்காட்டாக, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்க ஆறு முக்காரத் தொகுதிகள் உள்ளன. மனித மரபணுக்களில் சாதாரணமாகக் காணப்படும் ஏஜிஏ, இ.கோலியில் அரிதானது என்பதால், மனித மரபணுவை அங்கே செலுத்தினால் புரத உற்பத்தி தடுமாறக்கூடும். அதைச் சிஜிடி என மாற்றினால் புரதம் மாறாமல் உற்பத்தி பெருக வாய்ப்புண்டு. இத்தகைய மாற்றங்களைச் சுமந்த பல தொடக்கித் துண்டுகளை ஒரே அச்சிழையில் பொருத்தி இடைவெளிகளை நிரப்பும்போது, எதிர்ப்படும் துண்டைப் பெயர்த்தெறியாத டி4 பாலிமரேஸ் போன்ற நொதியே ஏற்றது. இல்லையெனில் ஒரு துண்டின் வளர்ச்சி அடுத்ததன் திருத்தத்தை அழித்துவிடும். எல்லாத் துண்டுகளும் ஒவ்வோர் அச்சிலும் அமர்வதில்லை என்பதால், கிடைக்கும் குளோன்களில் முழுமையாகத் திருத்தப்பட்டது எது என்பதைக் கார வரிசையைப் படித்தே உறுதிசெய்கின்றனர்.