ஐந்தா, ஏழா? கட்டளை வரியில் ஒரு பிழை

"எதிரியின் மீது கட்டணம் வனையப்பட்டது" என்றொரு வாக்கியம் சென்ற ஆண்டு நம் மேசையிலிருந்து சரிபார்ப்பவரிடம் சென்று, சிவப்பு மைக் கோட்டுடன் திரும்பி வந்தது. குற்றச்சாட்டு என்று இருக்கவேண்டிய இடம் அது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சார்ஜ்' என்ற ஒரே சொல்தான். நிதித் துறைக் கடிதத்தில் அது கட்டணம், நீதிமன்றத் தாளில் குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்வேற்றுமையை அறியாதவர் அல்லோம். எனினும் நாற்பது பக்கத் தாளை மாலைக்குள் முடித்தாக வேண்டிய அவசரத்தில், கருவி தந்த சொல்லைக் கண் கடந்து சென்றுவிட்டது. கருவி அதை ஏன் தந்தது என்று தேடிய வரலாற்றையே நேயர்களுக்குக் கூற விழைகிறோம்.

நாம் எழுதப் பயன்படுத்துவது 'விம்' என்னும் உரைத்தொகுப்பி. 1976-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பில் ஜாய் இயற்றிய 'வி' என்ற கருவியின் வழிவந்தது அது. நெதர்லாந்து நாட்டினரான பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டு, 2023-இல் மறையும் வரையில் பேணி வளர்த்தது. இக்கருவிக்கு இடும் கட்டளைகளைத் திரையின் அடியிலுள்ள ஒற்றை வரியில் தட்டச்சு செய்கிறோம். முழுச் சொல்லையும் அடிக்க வேண்டுவதில்லை. முதல் எழுத்தை அடித்து 'டாப்' விசையை அழுத்தினால் எஞ்சியதைக் கருவியே நிரப்பித் தரும். எந்தச் சொற்களைக் கொண்டு நிரப்புவது என்பதை நாமே ஒரு சிறு நிரலாக எழுதிச் சேர்க்கவும் அதில் இடமுண்டு.

அவ்வாறு நாம் இயற்றிய கட்டளைக்குச் 'சொல்' என்று பெயர் வைத்தோம். (கட்டளைப் பெயர் ரோமன் பெரிய எழுத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது விம்மின் விதி. ஆதலால் தமிழ்ச் சொல்லையே மூன்று ரோமன் எழுத்துக்களில் எழுத நேர்ந்தது.) அதன் பின் நிதி, சட்டம், ரயில்வே எனத் துறையின் பெயர், அதன் பின் ஆங்கிலச் சொல். 'என்டர்' விசையை அழுத்தினால் அத்துறைக்குரிய தமிழ்ச் சொல் உரையில் வந்து அமரும். துறைப்பெயர் விளங்காவிட்டால் பொதுச் சொற்கோவையிலிருந்து எடுத்துத் தரவேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தோம். இந்த உபகாரமே பின்னர் வினையாயிற்று.

பல மாதங்கள் யாதொரு குறையும் தோன்றவில்லை. சிவப்பு மைக் கோடு வந்த பின்னரே அன்று என்ன செய்தோம் என்பதை நினைவுகூர்ந்தோம். நிதி என்று அடித்து, 'சார்ஜ்' என்ற சொல்லையும் அடித்த பிறகு, இது சட்டத் துறைத் தாள் என்பது நினைவுக்கு வந்தது. இடஞ்சுட்டியைப் பின்னே நகர்த்தி, 'நிதி'யை அழித்து, 'ச' என்று மட்டும் அடித்து டாப் விசையை அழுத்தினோம். அவ்விடத்தில் 'சட்டம்' வந்திருக்க வேண்டும். மீண்டும் செய்து பார்த்தபோது வந்ததோ 'காபினெட்' என்ற ஆங்கிலச் சொல்! காபினெட் என்றொரு துறை நம் பட்டியலில் இல்லை. எனவே நிரல் பொதுக் கோவையைப் புரட்டிக் கட்டணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் சொற்பட்டியலை ஐயுற்றோம். அது செம்மையாகவே இருந்தது. அடுத்து, நம் அமைப்புகள் எதையும் ஏற்றாமல் வெறும் விம்மைத் திறந்து பார்த்தோம். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளை டாப் விசை ஒழுங்காகவே நிரப்பிற்று. ஆகவே குற்றம் மூலெனாருடையது அன்று, நம்முடையது. இதனை ஒப்புக்கொள்ள ஒரு பிற்பகல் பிடித்தது.

டாப் விசையை அழுத்தும்போது விம் நமது நிரலிடம் மூன்று செய்திகளை ஒப்படைக்கிறது: நிரப்பவேண்டிய சொல்லின் தொடக்கம், கட்டளை வரி முழுவதும், அவ்வரியில் இடஞ்சுட்டி நிற்கும் இடத்தின் எண். பெற்றுக்கொண்ட மூன்றையும் திரையில் எழுதிக் காட்டும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தோம். இட எண் 7 என்று வந்தது. விரல் விட்டு எண்ணினோம்: கட்டளைப் பெயருக்கு மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பின் 'ச'. ஆக ஐந்து. ஏழு எங்கிருந்து வந்தது?

கணினி எழுத்துக்களைப் பைட்டு என்னும் அலகுகளில் சேமிக்கிறது. 1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும்; 'ச' மூன்று பைட்டு கொள்ளும். 'சி' என்றால் அகரமேறிய உருவுக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. இந்தியின் தேவநாகரிக்கும் இதே கணக்குத்தான். விம் தரும் இட எண் பைட்டுக் கணக்கு. அதன் உதவிக் குறிப்பிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. நாமோ அதை எழுத்துக் கணக்கு என்று கொண்டு, வரியின் முதல் ஏழு எழுத்துக்களை வெட்டி எடுத்தோம். இடஞ்சுட்டியைத் தாண்டி ஓர் இடைவெளியும், 'சார்ஜ்' என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டன. ஆங்கிலச் சொல்லைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள் என்று நிரல் எண்ணியது; அவ்வெழுத்தில் தொடங்கும் முதற் சொல்லான காபினெட்டைக் கொண்டுவந்து 'ச'வின் இடத்தில் வைத்தது.

இத்தனை காலம் இது மறைந்திருந்த விதம்தான் வியப்பு. இடஞ்சுட்டி வரியின் கடைசியில் நிற்கும்போது, இருக்கும் எழுத்துக்களைவிட அதிகமாகக் கேட்டாலும் முழு வரிதான் கிடைக்கும். அப்போது வேண்டியதும் முழு வரியே. துறைப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், நடுவில் நின்றாலும் இரு கணக்கும் ஒன்றே. தமிழும் வேண்டும், பின்னே திரும்பித் திருத்தவும் வேண்டும். இரண்டும் கூடினாலன்றிப் பிழை முகம் காட்டாது. நிரலை எழுதிய நாளில் ஆங்கிலத் துறைப்பெயர்களைக் கொண்டே நாம் சோதித்திருந்தோம்.

எழுத்தெண்ணி வெட்டும் ஆணை, பைட்டெண்ணி வெட்டும் ஆணை என இரண்டு விம்மில் உண்டு. முன்னதன் பெயரிலிருந்து நான்கு ரோமன் எழுத்துக்களை நீக்கினால் பின்னது. திருத்தம் அவ்வளவே. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும், வரியின் நடுவிலும் கடைசியிலும் நின்று அழுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் துறைப்பெயர் வந்தது. பொதுக் கோவைக்குத் தாவும் உபகாரத்தையும் நீக்கிவிட்டோம். துறை விளங்காவிட்டால் நிரல் இப்போது ஒன்றும் தராமல் நின்றுவிடும். பிறகு, அதுவரை அனுப்பிய சட்டத் துறைத் தாள்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தோம். மேலும் மூன்று இடங்களில் பொதுக் கோவைச் சொல் புகுந்திருந்தது. உரிய அலுவலகங்களுக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினோம்.