ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்

மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. கடலுக்குக் கொஞ்சம் முன்னால், எட்டும் தொலைவில் சிதம்பரம். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் மனிதர் வாழ்ந்த ஊர் அது.

1910-ல் அங்கே வந்தபோது அவருக்கு வயது 20. ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர். மதம் மாறச் சம்மதிக்காததால் படிப்பு பாதியில் நின்றது. பிழைப்புக்குக் கோலார் தங்கவயல். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் ஆனார்.

துறவி என்றால் மடம் கட்டி உட்கார்ந்துவிடலாம். இவரும் மடம் கண்டார்தான், ஆனால் அதோடு நிற்கவில்லை. 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஓமக்குளத்தில் பள்ளிக்கூடம் திறந்தார். முதலில் வந்த பிள்ளைகள் 25 பேர். நந்தனார் தீக்குளித்ததாக ஊர் நம்பும் இடம் ஓமக்குளம். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவரின் பெயரையே, அதே ஊரில், பள்ளிக்கு வைத்ததில் எவ்வளவு துணிச்சல் இருந்தது என்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளியைத் திறப்பது சுலபம். பிள்ளைகளை அதில் இருத்தி வைப்பதுதான் பாடு. அன்றைய தென்னாற்காட்டில் பண்ணையாள் வீட்டுப் பையனுக்கு ஐந்தாறு வயதிலேயே மாடு மேய்க்கும் வேலை காத்திருக்கும். அவன் கொண்டுவரும் கூலி நெல் வீட்டில் உலைக்குப் போகும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால், சோற்றுக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் வகுப்பறையோடு சேர்த்து விடுதியும் வேண்டியிருந்தது. தங்க இடம், சாப்பாடு, பிறகு பாடம் என்ற வரிசை அது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு.

சொத்து உள்ளவன் கொடுத்தால் வள்ளல் என்கிறோம். கையில் எதுவும் இல்லாத சகஜானந்தர் அடுத்தவரிடம் கேட்டுக் கேட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை அதைவிட மேலாகவே வைக்கலாம். கேட்பதற்கு மானத்தையும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும் அல்லவா?

கேட்க வேண்டிய இன்னொரு இடமும் இருந்தது. 1926-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினராகி, உழைக்கும் மக்களுக்கு நிலமும் குடிமனையும் கல்விச் சலுகையும் கேட்டார். காவி கட்டியவருக்கு அரசியல் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் 1952-லும் 1957-லும் சிதம்பரம் வாக்காளர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1959 மே 1-ல் காலமாகும்வரை அவர் சட்டமன்ற உறுப்பினர்.

ஓமக்குளத்தில் விதைத்தது இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக நிற்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பல தலைமுறைப் பிள்ளைகள் இங்கிருந்து எழுந்து போனார்கள். ஜனவரி 27 அவருடைய பிறந்த நாள். அன்றைக்கு மாலைகளுக்குக் குறைவிருக்காது. அந்தப் பள்ளிகளில் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் மாலையோடு, விடுதிப் பிள்ளைகளுக்குத் தேவையானது என்ன என்றும் ஒருமுறை போய் விசாரியுங்கள்.

(தொடரும்)