தேய்வது எலும்பு அல்ல, குருத்தெலும்பு

பால் மரம் வெட்டிய பாட்டியோ, செம்பனைக் குலை அறுத்த தாத்தாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கம் குறைவு. "முட்டி எலும்பு தேஞ்சு போச்சு, இனி உட்கார்ந்தே கிடக்க வேண்டியதுதான்" என்று அவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பேச்சில் இரண்டு தவறுகள் உண்டு.

முதலில் தேய்வது எலும்பு அல்ல, அதன் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. கோழிக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்குமே, அதேதான். மனித முழங்காலில் இதன் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். கொலாஜன் என்ற புரத நார்கள் வலைபோலப் பின்னியிருக்க, புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் அதற்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. காலை ஊன்றும்போது நீர் கசியும். எடுத்தால் மீண்டும் ஊறும், ஈரப் பஞ்சைப் போல. காது மடலிலும் குருத்தெலும்புதான், ஆனால் அது வளையும் வகை. முதுகெலும்புகளுக்கு நடுவே இருப்பது இன்னும் முரட்டு வகை.

மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வந்து ஆற்றுகிறது. இங்கே அந்த வழியில்லை. இருக்கும் உயிரணுக்களும் கொஞ்சம். அதனால் போனது திரும்ப வளர்வது அரிது. நரம்பில்லாததால் தேயும்போது வலிப்பதுமில்லை. அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்ளுறையும் பாதிக்கப்பட்ட பிறகே வலி தெரிகிறது. ஆட்டுக்கால் சூப்பு ருசிதான். ஆனால் அதன் புரதம் வயிற்றில் செரித்துவிடும். நேராக முட்டிக்குப் போய் ஒட்டாது.

இரண்டாவது தவறு, உட்கார்ந்தே கிடப்பது. குருத்தெலும்புக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது. நடக்கும்போது ஏற்படும் அழுத்தம் அதை உள்ளே செலுத்த உதவுகிறது. அசையாவிட்டால் தொடைத் தசையும் மெலிந்து, முட்டிக்குப் பாரம் கூடும். சமதரையில் நடை, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பிடித்தல் இரண்டும் நல்லவை. எடை அதிகமுள்ள முதியவர்களிடம் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் சுமார் 4 கிலோ குறைந்தது.

பாசார் மாலாமில் 'இரண்டே நாளில் வலி பறக்கும்' என்று விற்கும் மருந்துகளில்தான் எனக்குப் பயம். பதிவு பெறாத இத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்துள்ளது. வலி அடங்கும், குருத்தெலும்பு வளராது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறிவிடும். பெட்டியில் 'எம்ஏஎல்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் உள்ளனவா என்று பாருங்கள். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. மருந்துப் பெட்டியோடு அரசாங்கக் கிளினிக்கிற்குப் போய்க் காட்டுங்கள்.