சொனோராவின் மெரினோ ஆடுகள்

கேட்டியிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில், சான் அன்டோனியோவையும் தாண்டி மேற்கே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஓடினால் சொனோரா வரும். கம்பளிக்குப் பெயர்பெற்ற சிற்றூர். கல்லும் முட்பற்றையுமான தரையில் 'ரம்பூலே' செம்மறிகள் மேய்கின்றன.

இவை மெரினோ வம்சம். 1786 இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஸ்பெயினிலிருந்து வருவித்து, ரம்பூலே என்ற இடத்தில் வளர்ப்பித்ததால் அந்தப் பெயர். பின்னர் அமெரிக்கா வந்தன.

"நாடு மாறினதும் பெயரையும் மாத்திப்போட்டினமா, அப்பா?" என்றாள் மகள். பள்ளியில் தன் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று அழுதவள் அவள்.

பண்ணைக்காரர் ஓர் ஆட்டின் கம்பளியைப் பிரித்துக் காட்டினார். மேலே புழுதி, உள்ளே அதே மெரினோவின் வெண்மையான மெல்லிழை. மகள் கையை எடுக்கவேயில்லை.

போக விரும்புவோர் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், காணிகள் தனியாருடையவை.