தசையை நாடும் எதிர்ப்பொருள்

நுழையும்முன்
கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் புரதமே எதிர்ப்பொருள். அப்புரதம், மரபணுப் பிழையால் தோன்றும் தசைச்சிதைவு நோய்க்கு எவ்வாறு மருந்தாகக்கூடும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரியர் தாமே தசைச்சிதைவு நோய்க்கு ஆளாகியிருந்தும், ஆதவ் அறக்கட்டளையை நிறுவிப் பிற நோயாளர்க்குத் துணைநின்றனர். அவர்களின் தொண்டால் இந்நோயின் பெயரைத் தமிழகத்தில் பலரும் அறிந்தனர்.

நோயின் மூலம்

தசைச்சிதைவு என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் தொகுதி. அவற்றுள் கடுமையான டுஷேன் வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. அவர்கள் ஓடவும் படியேறவும் இடர்ப்படுவர். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுவர். நாளடைவில் நடக்கும் ஆற்றல் குன்றும். இதயமும் மூச்சுத் தசைகளும் நலிவடையும்.

டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் இன்மையே இதன் காரணம் என்பதை 1987இல் லூயி குங்கெல் குழுவினர் கண்டறிந்தனர். சுருங்கி விரியும் தசைநாரின் உறையைக் கிழியாமல் காப்பது இப்புரதமே. இதனை ஆக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. எக்ஸான் எனப்படும் 79 பகுதிகளைக் கொண்டது.

தடுக்கும் மருந்து

ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய இலக்கை மட்டுமே பற்றும். ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் பெருமளவில் உருவாக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் 1975இல் வெளியிட்டனர். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் என்னும் புரதத்தை 1997இல் செ-ஜின் லீ, அலெக்சாண்ட்ரா மெக்பெரான் ஆகியோர் அறிவித்தனர். அப்புரதம் இல்லாத எலிகளின் தசைகள் பன்மடங்கு பருத்திருந்தன.

எனவே, மயோஸ்டேட்டினை எதிர்ப்பொருளால் தடுத்தால் நலிந்த தசை வலுப்பெறும் என ஆய்வாளர் எதிர்பார்த்தனர். 116 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. மருந்து பாதுகாப்பானதாக இருந்தது. ஆயினும் தசையின் வலிமை கூடவில்லை. டுஷேன் சிறுவர்க்கான மற்றொரு மருந்தின் ஆய்வும் 2018இல் கைவிடப்பட்டது. தாங்கும் புரதமே இல்லாதபோது தசையைப் பெருக்குவது மட்டும் போதுமா என்னும் வினாவை இத்தோல்விகள் வலுப்படுத்தின.

சுமந்து செல்லும் மருந்து

மரபணுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவது. இடையே சில எக்ஸான்கள் இல்லாது போனால் எஞ்சிய செய்தி பொருளிழக்கும். அப்போது இன்னோர் எக்ஸானையும் மறைத்துவிட்டால் வாசிப்பு மீண்டும் சீர்படக்கூடும். குறுகியதாயினும் பயன்தரும் டிஸ்ட்ரோஃபின் உருவாகும். அவ்வாறு மறைக்கும் நியூக்ளியோடைடு இழைகள் முன்பே மருந்தாயின. ஆனால், அவை தசைச் செல்லுக்குள் போதிய அளவு புகவில்லை.

இங்கே எதிர்ப்பொருள் புதிய பணியை ஏற்கிறது. தசைச் செல்லின் மேற்பரப்பில், இரும்புச்சத்தை உள்வாங்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் உள்ளன. எதிர்ப்பொருள் அவ்வேற்பியைப் பற்றுகிறது. செல் அதனை உள்ளிழுக்கும்போது, அதனுடன் பிணைக்கப்பட்ட இழையும் உட்செல்கிறது. மனிதரிடம் நடந்த தொடக்க ஆய்வுகளில் டிஸ்ட்ரோஃபின் அளவு உயர்ந்துள்ளது.

காலத்தே கண்டறிதல்

இத்தகைய மருந்து ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மரபணுப் பிழை உடையோர்க்கே பொருந்தும். ஆதலால் எந்த எக்ஸானில் பிழை என்பதை முதலில் அறிதல் வேண்டும். இழந்த தசையை மீட்பது அரிது என்பதால் அதனை இளமையிலேயே அறிதல் இன்றியமையாதது. காரிமங்கலம் போன்ற ஊர்களில் அடிக்கடி விழும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முதற்படி. குருதியில் கிரியேட்டின் கைனேஸ் அளவைக் காணும் எளிய சோதனையே நோயின் ஐயத்தை எழுப்பிவிடும். மரபணுச் சோதனை அதனை உறுதி செய்யும். ஆய்வகத்தில் உருவாகும் மருந்து உரிய காலத்தில் ஒரு குழந்தைக்குப் பயன்படுவது, அக்குழந்தையின் தடுமாற்றத்தை அருகிலிருப்போர் உணர்வதைப் பொறுத்தது.