லாட்ஜ் 'ஷவரில்' பதுங்கும் நிமோனியா கிருமி! குழாயைத் திறந்துவிட்டால் தப்பலாம்

செஞ்சி:

கோட்டை பார்க்க வருகிறவர்கள் லாட்ஜில் அறை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சுடுதண்ணி வருமா?" என்பதுதான்.

வரும். ஆனால், அந்தத் தண்ணீர் எத்தனை நாளாகக் குழாயில் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்! வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஒரு பொல்லாத கிருமி வளரும். 'ஷவர்' சாரலோடு அது நெஞ்சுக்குள் போனால் கடுமையான நிமோனியா காய்ச்சல் வரும். ஆளையே கொன்றுவிடும்.

அந்தக் கிருமியின் பெயர் 'லெஜியோனெல்லா'.

விசேஷ நாளில் கூட்டம், மற்ற நாளில் பூட்டு

2025 ஜூலையில் 'யுனெஸ்கோ' நிறுவனம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் என்று பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மற்ற 11 கோட்டைகளும் மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன.

பக்கத்திலேயே மேல்மலையனூர். அமாவாசை தோறும் அங்காளம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதும். மேற்கே திருவண்ணாமலை. பவுர்ணமி தோறும் கிரிவலம்.

இப்படிப்பட்ட ஊர்களில் விசேஷ நாளில் அறை கிடைக்காது. மற்ற நாளில் அறைக்குப் பூட்டு. உள்ளே ஆள் இல்லை. ஆனால், குழாயில் தண்ணீர் இருக்கிறது. கிருமிக்கு அது போதும்.

34 பேர் பலி

இந்தக் கிருமிக்குப் பெயர் வந்த கதையும் ஒரு ஓட்டலில்தான் தொடங்கியது.

1976 ஜூலை மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 'பெல்வியூ ஸ்டிராட்போர்டு' என்ற பெரிய ஓட்டல். 'அமெரிக்கன் லெஜியன்' என்ற முன்னாள் ராணுவ வீரர் சங்கத்தின் மாநாடு அங்கே நடந்தது. ஊர் திரும்பியவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஓட்டல் ஓரமாக நடந்து போனவர்களைக்கூட நோய் விடவில்லை. மொத்தம் 200 பேருக்கு மேல் படுத்தார்கள். 34 பேர் இறந்துபோனார்கள்.

காரணம் தெரியாமல் டாக்டர்கள் திண்டாடினார்கள். விஷமா, சதியா என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. மறு ஆண்டு ஜனவரியில்தான் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவிப்பு வந்தது. 'லெஜியன்' சங்கத்தாரைத் தாக்கியதால் 'லெஜியோனெல்லா' என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே ஏ.சி. எந்திரத்தின் குளிர்விப்பு கோபுரம் மீது சந்தேகம் விழுந்தது. சரி, குளியலறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகளுக்கு இதே காய்ச்சல் வந்தது. தேடிப் பார்த்ததில், அவர்கள் குளித்த 'ஷவரில்' கிருமி இருந்தது! 1980-ல் இந்த ஆய்வு வெளியானது. அதன் பிறகுதான் கட்டிடங்களின் வெந்நீர்க் குழாய்கள் மீது உலகத்தின் பார்வை திரும்பியது.

கொதித்தால் சாவு, வெதுவெதுப்பில் வாழ்வு

இந்தக் கிருமி ஆறு, குளம், மண் என்று எங்கும் கொஞ்சம் இருக்கும். அதனால் ஆபத்து இல்லை. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடு, உள்ளே வழுக்கும் பாசி, அசையாத தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மளமளவென்று பெருகும்.

60 டிகிரி சூட்டில் சில நிமிடங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். 70 டிகிரியில் தப்பவே முடியாது.

ஆகவே ஆபத்து சுடுதண்ணியில் இல்லை; சூடு ஆறிய தண்ணியில்தான்.

பல லாட்ஜ்களில் "காலை 6 முதல் 8 வரை வெந்நீர்" என்று போர்டு தொங்கும். கரண்ட் செலவை மிச்சப்படுத்த 'கீசர்' திருகையும் குறைத்து வைப்பார்கள். மீதி நேரம் முழுவதும் 'கீசரில்' கிடப்பது வெதுவெதுப்பான தண்ணீர்.

மொட்டை மாடி 'சோலார்' வெந்நீரும் இப்படித்தான். வெயில் காலத்தில் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெதுவெதுப்போடு நின்றுவிடும். தீபக் கூட்டம் வருவதும் அப்போதுதான்!

குளிர்ந்த நாடுகளில் பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். செஞ்சி வெயிலில் அது நடக்கிற காரியமா? பாறை சூட்டில் மாடித் தொட்டித் தண்ணீரே கை பொறுக்காது. ஆகவே நமக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் கவனம் வேண்டும்.

கல்யாண மகாலில் மண்குழாய்

மாடிக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றுவது செஞ்சிக்குப் புதிதல்ல. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் மேல் அடுக்குக்கே, வெளியில் உள்ள நீர்த்தேக்கத்தில் இருந்து சுட்ட மண்குழாய் மூலம் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

அன்று தண்ணீரை மேலே ஏற்றியது கெட்டிக்காரத்தனம். இன்று அதைத் தேங்க விடாமல் ஓட விடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

லாட்ஜ்காரர்கள் செய்ய வேண்டியது

* 'கீசரை' 60 டிகிரியில் வையுங்கள். குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் வர வேண்டும்.

* 'சோலார்' வைத்திருப்பவர்கள், மழை நாளில் சூடேற்ற மின்சாரக் 'காயில்' பொருத்துங்கள்.

* பூட்டிய அறையானாலும் வாரம் ஒரு முறை எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் திறந்து விடுங்கள். 'ஷவர்' தலையைக் கழற்றிவிட்டுத் திறந்தால் சாரல் அடிக்காது.

* 'ஷவர்' தலையில் உப்பும் பாசியும் படியும். 3 மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள்.

* மாடித் தொட்டிக்கு மூடி போடுங்கள். வண்டலைக் கழுவி, குளோரின் மருந்து போடுங்கள்.

* பழைய குழாயை 'டம்மி' போட்டு அடைத்து அப்படியே விடாதீர்கள். அந்த மூலையில்தான் தண்ணீர் தேங்கும். பிளம்பரிடம் சொல்லி அடியோடு வெட்டி எடுங்கள்.

"இருக்கிற தண்ணி பஞ்சத்தில் திறந்து விடுவதா?" என்று கேட்கலாம். நியாயம்தான். பக்கெட்டில் பிடித்துக் கழிவறைக்கோ செடிக்கோ ஊற்றுங்கள். ஒரு சொட்டும் வீணாகாது.

இன்னொரு எச்சரிக்கை: 60 டிகிரி தண்ணீர் மேலே பட்டால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் பச்சைத் தண்ணீரைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். சூட்டைத் தானாகக் குறைத்துத் தரும் கலப்பு வால்வும் கடையில் கிடைக்கிறது.

குளிப்பவர்கள் கவனத்துக்கு

அறைக்குள் போனதும் 'ஷவர்' அடியில் நிற்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கீழ்க் குழாயைத் திறந்து, பக்கெட்டில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுங்கள். நம் ஊர் பக்கெட், சொம்புக் குளியலில் சாரல் குறைவு. ஆபத்தும் குறைவு.

50 வயது தாண்டியவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

காய்ச்சல் ஊர் திரும்பிய பிறகு வரும்

நோய் உடனே தெரியாது. பெரும்பாலும் 2 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், உடம்பு வலி வரும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பமும் உண்டு. அதற்குள் பயணி சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். செஞ்சியில் குளித்தது அவருக்கு ஞாபகம் வராது. லாட்ஜ்காரருக்கும் விஷயம் தெரியாது. அடுத்தவர் அதே 'ஷவரில்' குளிப்பார்.

ஆகவே காய்ச்சல் வந்தால் டாக்டரிடம், "இன்ன தேதியில் இன்ன ஊரில் தங்கினேன்" என்று சொல்லிவிடுங்கள். பென்சிலின் வகை மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது. இதற்கென்று உள்ள மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். சிறுநீர்ப் பரிசோதனையிலேயே நோயைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய் அல்ல. நோயாளியை ஒதுக்க வேண்டாம். ஒதுக்க வேண்டியது தேங்கிய தண்ணீரைத்தான்.

கோட்டை பார்க்க வருகிறவர் மலை ஏறி மூச்சு வாங்கலாம். குளித்துவிட்டு மூச்சுத் திணறக்கூடாது. அதற்கு ஆகும் செலவு, அறைக்குச் சில பக்கெட் தண்ணீர்!