நம்ம செட்ரிசின் எங்கே போகுது?

அம்பத்தூர் எஸ்டேட் தூசியில மூக்கு அடைச்சா என்ன பண்ணுவீங்க? ஒரு செட்ரிசின். தும்மல் நிக்கும், மதியம் கிளாஸ்ல தூக்கமும் வரும். ஆனா அந்த மருந்துல பாதிக்கு மேல உடம்புல எந்த மாற்றமும் ஆகாம சிறுநீர்ல வெளியே வந்துடும். சுகருக்குப் போடற மெட்பார்மினும் பெரும்பாலும் அப்படியேதான் வரும்.

அதுக்கப்புறம் பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம். அங்கே வேலை பார்க்கிறது பாக்டீரியா. காற்றை ஊதிக் கொடுத்தா கரிமக் கழிவைத் தின்னும். பாரசிட்டமாலையும் நல்லாவே தின்னும். ஆனா வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபினை அநேகமா தொடவே தொடாது. அது வந்த வழியே ஆத்துக்குப் போயிடும். எல்லாப் பழியையும் கூவத்து மேல போடாதீங்க. 2011ல வெளியான ஆய்வுல, காவிரித் தண்ணியிலேயே கார்பமசெபின் இருந்தது.

அளவு? காவிரியில லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. ஒரு மாத்திரை அளவு சேரணும்னா ஆயுசு முழுக்கக் குடிச்சாலும் பத்தாது. அப்போ ஏன் கவலைப்படணும்? ஆன்டிபயாடிக் கதை வேற, அதனாலதான்.

ஹைதராபாத் பக்கத்துல பட்டான்செரு. சுமார் 90 மருந்து ஆலைகளோட கழிவுநீர் ஒரே நிலையத்துக்கு வரும். அங்கே சுத்திகரிச்சு வெளியே விட்ட தண்ணியை ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு சோதிச்சு 2007ல வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின்! 500 மில்லிகிராம் மாத்திரை போட்டவரோட ரத்தத்துலயே லிட்டருக்கு இரண்டு, மூணு மில்லிகிராம்தான் இருக்கும். நம்ம செட்ரிசினும் அந்தத் தண்ணியில லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல இருந்தது.

அவ்வளவு மருந்துலயும் சாகாத பாக்டீரியா, தன் எதிர்ப்பு மரபணுவை வேற இன பாக்டீரியாவுக்கும் கைமாத்திக் கொடுக்கும். நாளைக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து அதே மருந்தைக் கொடுத்தா, வேலை செய்யாது.

நம்ம கோயம்பேட்டுல 2019ல இருந்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பற நிலையம் இருக்கு. ஆர்.ஓ. சவ்வு மருந்து மூலக்கூறுகளைப் பெரும்பாலும் தடுத்துடும். தடுக்கும், அழிக்காது. ஒதுக்கின தண்ணியில அதெல்லாம் இன்னும் கெட்டியா நிக்கும். மூலக்கூறையே உடைக்கணும்னா ஓசோன் மாதிரி ஏதாவது வேணும். சுவிட்சர்லாந்துல 2016ல இருந்து பெரிய நிலையங்கள்ல ஓசோனோ கார்பனோ சேர்க்கச் சட்டமே இருக்கு. அதுக்காக வசூலிக்கிறது, தலைக்கு வருஷத்துக்கு 9 பிராங்க் வரை.